பரணில் கிடந்த பாடல்கள்

கைத்திறன் முற்றாத வயதில், கருவியும் துணையும் போதாத நிலையில் செய்து முடித்த வேலையைப் பிற்காலத்தில் ஒரு மனிதர் எவ்வாறு நடத்த வேண்டும் என்ற கேள்வி கலைஞர்களுக்கு மட்டும் உரியதன்று. ஆசிரியரும் தச்சரும் பிள்ளை வளர்த்த பெற்றோரும் நடுவயதில் திரும்பிப் பார்க்கும்போது இதே கேள்வியின் முன்னால்தான் நிற்கின்றனர். வழக்கமாக இதற்குக் கிடைக்கும் விடைகள் இரண்டு. பழைய வேலையை வெட்கத்தோடு மறைத்துவிடுவது ஒன்று. இளமையின் வேகம் என்று சொல்லி அதன் குறைகளையும் சேர்த்தே கொண்டாடுவது மற்றொன்று. இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், அந்த வேலையில் எது உயிருள்ளது, எது உயிரற்றது என்று அமர்ந்து பார்க்கும் சிரமத்திலிருந்து தப்பிக்கவே இரண்டும் உதவுகின்றன. அந்தச் சிரமத்தை மேற்கொண்ட ஒருவரின் சான்றாக, அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயல் 1981 செப்டம்பரில் வெளியிட்ட 'சாங்ஸ் இன் தி ஆட்டிக்', அதாவது 'பரணில் கிடக்கும் பாடல்கள்' என்ற இசைத்தொகுப்பைக் கொள்ளலாம். மேடையில் ரசிகர்கள் முன்னிலையில் பாடியவாறே பதிவு செய்யப்பட்ட அத்தொகுப்பில் உள்ள 11 பாடல்களும், அவர் புகழ் பெறுவதற்கு முன் வெளியிட்ட நான்கு தொகுப்புகளிலிருந்து எடுக்கப்பட்டவை.

ஜோயல் வாக்கேயக்காரர் வகையைச் சேர்ந்தவர். சொல்லும் மெட்டும் பாடும் குரலும் ஒருவருடையவையாகவே இருக்கும் கலைஞர்களுக்கு அப்பெயர் பொருந்தும். இத்தகையோருக்கு ஆரம்பகாலப் பாடல் வெறும் தொழில்சார்ந்த நினைவாக இருப்பதில்லை. அந்த வயதில் அவர் என்ன நினைத்தார், எதற்கு அஞ்சினார், யாரை விரும்பினார் என்பதும் அதனுள்ளேயே இருக்கிறது. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் வளர்ந்த அவர், 22 வயதில் 1971இல் வெளியிட்ட முதல் தனித் தொகுப்புக்கு அங்குள்ள ஒரு கடற்கரை ஊரின் பெயரையே சூட்டி 'கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர்' என்று அழைத்தார். அத்தொகுப்புக்கு நேர்ந்தது இசைப்பதிவு வரலாற்றில் வருத்தத்தோடு குறிக்கப்படும் ஒன்று. பாடிப் பதிவு செய்த நாடாவிலிருந்து இசைத்தட்டு அச்சிடுவதற்குரிய மூலப்படியை உருவாக்கும் இறுதிக் கட்டத்துக்கு 'மாஸ்டரிங்' என்று பெயர். அந்தக் கட்டத்தில் நாடா சற்றே கூடுதலான வேகத்தில் ஓடியதால் பாடல்கள் அனைத்தும் விரைந்தன, வேகத்தோடு சுருதியும் ஏறியது, பாடியவரின் குரல் அவருடையதல்லாத மெலிந்த குரலாக மாறிக் கடைகளுக்குச் சென்றது. எழுதியவரும் மெட்டமைத்தவரும் பாடியவரும் தாமே என்றிருந்தும், கேட்டவர்களைச் சென்றடைந்தது தம் குரலன்று என்ற நிலை அவருக்கு வாய்த்தது. அந்தத் தொகுப்பு விற்பனைப் பட்டியல் எதிலும் இடம்பெறாமல் மறைந்தது.

அடுத்து வந்த இரண்டு தொகுப்புகளின் குறை வேறு வகையானது. கொலம்பியா நிறுவனத்தின் சார்பில் லாஸ் ஏஞ்சலீஸில் உருவான 'பியானோ மேன்' (1973), 'ஸ்ட்ரீட்லைஃப் செரினேட்' (1974) ஆகிய இரண்டிலும் பக்கவாத்தியம் வாசித்தவர்கள் பெரும்பாலும் 'செஷன்' கலைஞர்கள், அதாவது பதிவுக்கூடத்துக்கு அழைக்கப்பட்டு, அன்றைய பாடலை வாசித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் வேறொருவருக்கு வாசிக்கச் செல்பவர்கள். அவர்களின் திறமையில் குறை காண முடியாது. ஆனால் ஒரு பாடலோடு ஊர் ஊராக அலைந்து, அது எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது, எந்த இடத்தில் தளர்கிறது என்று உடலால் அறிந்தவர்களின் வாசிப்பை ஒரே நாளில் பெற்றுவிட இயலாது. நியூயார்க்குக்குத் திரும்பிய ஜோயல், 'டர்ன்ஸ்டைல்ஸ்' (1976) தொகுப்புக்காக வேறொரு தயாரிப்பாளரின் மேற்பார்வையில் செய்த பதிவை நிராகரித்துவிட்டு, தம் சொந்தக் குழுவோடு, தாமே தயாரிப்பாளராக இருந்து மீண்டும் பதிவு செய்தார். கேட்கத்தக்க பாடல்கள் நிறைந்த அத்தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் நூறு இடங்களுக்குள்கூட வரவில்லை.

அதன் பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவையே. ஃபில் ரமோனின் தயாரிப்பில் 1977இல் வந்த 'தி ஸ்ட்ரேஞ்சர்' அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 1980இல் 'கிளாஸ் ஹவுஸஸ்' பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. அந்த வெற்றிக்குப் பின், புகழ்பெற்ற பாடல்களை மேடையில் பாடி ஒரு தொகுப்பாக வெளியிட்டிருந்தால் எதிர்ப்பின்றி விற்றிருக்கும். பெரும்பாலான மேடைப்பதிவுத் தொகுப்புகள் அவ்வாறு உருவாகின்றவையே. ஜோயலோ 1980 கோடைக்காலச் சுற்றுப்பயணத்தில் பதிவு செய்தவற்றிலிருந்து புகழ்பெற்ற பாடல்களை ஒதுக்கினார்; ஆரம்பகாலப் பாடல்களில் ஓரளவு அறியப்பட்டிருந்த 'பியானோ மேன்' பாடலைக்கூடச் சேர்க்கவில்லை. ஒவ்வொரு பாடலுக்கும் பொருந்தும் கூடம் தேடப்பட்டிருப்பதையும் கேட்பவர் உணரலாம். நகரமே இடிந்து விழுவதாகக் கற்பனை செய்யும் 'மயாமி 2017' நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற பேரரங்கின் ஆரவாரத்தோடு பதிவாகியிருக்க, பியானோவும் குரலும் மட்டுமே வேண்டிய 'ஷீஸ் காட் எ வே' பாஸ்டன் நகரில் சில நூறு பேர் அமரும் பாரடைஸ் என்ற சிறு கூடத்தில் பாடப்பட்டிருக்கிறது.

இத்தொகுப்பில் மிகவும் மதிக்கத்தக்கது, அவர் எதை மாற்றினார் என்பதைவிட எதை மாற்றாமல் விட்டார் என்பதுதான். தாளத்துக்கு உறுதி கூடியிருக்கிறது, குழுவின் பிணைப்பு இறுகியிருக்கிறது, குரல் தன் இயல்பான சுருதிக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் சொற்கள் அப்படியே நிற்கின்றன. 'தி பாலட் ஆஃப் பில்லி தி கிட்' என்ற பாடல், 1881இல் நியூ மெக்சிகோவில் ஷெரிஃப் பேட் கேரட்டால் சுட்டுக் கொல்லப்பட்ட கொள்ளைக்காரனை மேற்கு வர்ஜீனியாவிலிருந்து புறப்பட்டவனாகவும் தூக்கிலிடப்பட்டவனாகவும் பாடுகிறது. இந்த வரலாற்றுப் பிழைகளைத் திருத்த 1980இல் அவருக்கு எந்தத் தடையும் இல்லை. திருத்தியிருந்தால் பாடல் சரியாகியிருக்கும், ஆனால் திரைப்படங்களில் கண்ட மேற்குப் பகுதியைக் கனவு கண்ட ஓர் இளைஞனின் பாடலாக அது இருந்திருக்காது. இளையவர் சொன்னதைத் திருத்தும் உரிமை மூத்தவருக்கு உண்டா என்ற கேள்விக்கு, அவர் சொல்ல முயன்றதைத் தெளிவாகக் கேட்கச் செய்யும் கடமை மட்டுமே உண்டு என்று இத்தொகுப்பு விடை கூறுவதாகக் கொள்ளலாம். தம் பழைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் படித்துப் பார்த்து, அன்றைய அறியாமைக்காக நாணி, அவற்றைக் கிழித்துப் போட முற்படும் எவரும் இந்த வேறுபாட்டின் முன் ஒரு கணம் நின்றாக வேண்டும்.

இதற்கு எதிரான ஒரு சான்றும் விரைவிலேயே கிடைத்தது. 'கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர்' தொகுப்பின் பழைய தயாரிப்பாளர் ஆர்ட்டி ரிப், 1983இல் அதன் வேகத்தைச் சரிசெய்து மீண்டும் வெளியிட்டார். குரல் அதன் இடத்துக்கு வந்தது. ஆனால் ஜோயலின் பங்கேற்பின்றிச் செய்யப்பட்ட அந்தப் பதிப்பில் சில பாடல்களின் பக்கவாத்தியம் மாற்றப்பட்டது, 'யூ கேன் மேக் மீ ஃப்ரீ' என்ற பாடல் ஏறக்குறையப் பாதியாக வெட்டப்பட்டது. பொறியியல் நோக்கில் பிழை நீங்கிய அந்தப் பதிப்பைக் கேட்கும்போது, பழைய பாடல் பழையதாகவும் இல்லை, புதியதாகவும் இல்லை என்ற உணர்வே எஞ்சுகிறது. கடந்த காலத்தின் பிழையை நீக்குவதும் கடந்த காலத்தோடு மீண்டும் உறவு கொள்வதும் வேறு வேறு செயல்கள். இரண்டாவதை மற்றவர் ஒருவர் நமக்காகச் செய்து தர இயலாது.

எனினும், மீட்பு என்பது எல்லாவற்றையும் மீட்பதன்று. முதல் தொகுப்பின் 10 உருப்படிகளில் மேடைத்தொகுப்புக்குள் வந்தவை இரண்டு மட்டுமே. மற்ற எட்டும் பரணிலேயே விடப்பட்டன. தம் இளமையின் மீது உள்ள பற்று, அந்த இளமை செய்த அனைத்தையும் தாங்கிப் பிடிப்பதாக மாறாமல் காத்துக்கொள்வது எளிதன்று. விடப்பட்ட பாடல்களிலும் நல்லவை உண்டு என்று வாதிடலாம், 'டுமாரோ இஸ் டுடே' பாடலைக் கேட்டவர்கள் வாதிடவும் செய்வர். ஆனால் தேர்ந்தெடுக்கும் கண்டிப்பு இல்லாமல் பரிவு மட்டும் இருந்திருந்தால் இத்தொகுப்பு ஒரு நினைவுச்சேகரிப்பாகவே நின்றிருக்கும்.

சிந்திக்க வேண்டிய மிகக் கடினமான செய்தி இனிமேல்தான் வருகிறது. 1971இல் எவரும் பொருட்படுத்தாத 'ஷீஸ் காட் எ வே', 1982 தொடக்கத்தில் அமெரிக்கத் தனிப்பாடல் பட்டியலில் 23ஆம் இடத்தை எட்டியது. 'சே குட்பை டு ஹாலிவுட்' 17ஆம் இடத்துக்கு வந்தது. தொகுப்போ 8ஆம் இடத்தைப் பெற்றது. சொல்லும் மெட்டும் மாறவில்லை. பதிவு மேம்பட்டது உண்மையே என்றாலும், அந்த மேம்பாடு மட்டுமே இந்த மாற்றத்துக்குக் காரணம் என்று நேர்மையாகக் கூற முடியாது. இடைப்பட்ட ஆண்டுகளில் பாடியவரின் பெயருக்கு இருந்த மதிப்பு மாறியிருந்தது. பெயரை அறிந்தவர்கள் பொறுமையோடு கேட்டார்கள், பொறுமையோடு கேட்டதால் பாடல் தன்னைத் திறந்து காட்டியது. அப்படியானால், பிற்காலப் புகழ் வாய்க்காத எத்தனையோ பேரின் முதற்பாடல்கள், நன்றாகவே இருந்தும், இரண்டாம் முறை கேட்கப்படும் வாய்ப்பு இல்லாமல் அழிந்திருக்க வேண்டும் என்ற முடிவைத் தவிர்க்க இயலாது. காலம் நல்லதைக் கைவிடாது என்ற ஆறுதல் மொழி, காலத்தால் காப்பாற்றப்பட்டவர்களை மட்டுமே கணக்கில் கொண்டு சொல்லப்படுவது. காலம் தானாக எதையும் காப்பதில்லை. யாரேனும் ஒருவர் ஏணி வைத்து ஏறினால்தான் பரணில் உள்ளது கீழே வரும்.

அந்த ஒருவர் எப்போதும் புகழ்பெற்ற படைப்பாளியாகவே இருக்க வேண்டியதில்லை என்பதற்கும் இதே பாடகரின் வாழ்க்கையில் சான்று இருக்கிறது. முதல் தொகுப்பு தோல்வியுற்ற நிலையில், 1972 ஏப்ரலில் அவர் ஃபிலடெல்ஃபியாவின் சிக்மா சவுண்ட் பதிவுக்கூடத்தில் டபிள்யூஎம்எம்ஆர் வானொலிக்காக ஒரு நிகழ்ச்சி பாடினார். புறநகர் இளைஞன் ஒருவனின் வெறுமையையும் போதைப் பழக்கத்தையும் நீண்டு விவரிக்கும் 'கேப்டன் ஜாக்' அதில் இடம்பெற்றது. அது அப்போது எந்த இசைத்தட்டிலும் வந்திராத பாடல். வானொலிக்கேற்ற அளவையும் மீறியது. பாடியவரின் பெயருக்கு அப்போது எந்த மதிப்பும் இருக்கவில்லை. இருந்தும் அந்நகரத்து நேயர்கள் அதை மீண்டும் ஒலிபரப்பும்படி கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நிலையமும் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது, கொலம்பியா நிறுவனம் அவரைக் கவனித்து ஒப்பந்தம் செய்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கேட்டவர்கள் இசை விமர்சகர்களோ தயாரிப்பாளர்களோ அல்லர்; ஒரு பாடல் தங்கள் தெருவைப் பற்றியது என்று அறிந்து, அதை விட்டுவிட மறுத்தவர்கள். எட்டு ஆண்டுகள் கழித்துத் தம் பழைய பாடல்களை மேடையில் பதிவு செய்தபோது, 'கேப்டன் ஜாக்' பாடலுக்காக ஜோயல் பயன்படுத்திக்கொண்டது அதே ஃபிலடெல்ஃபியாவின் ஸ்பெக்ட்ரம் அரங்கில் பாடிய பதிவை.