பின்னால் நிற்பவன்

தென்னூர்ப் பக்கத்து மொட்டை மாடிகளிலிருந்து பார்த்தால் மலைக்கோட்டை வெகு சாதுவாகத் தெரியும். உயரம் 83 மீட்டர்தான். இமயத்தைப் பார்த்து வந்தவர்களிடம் இதை மலை என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் 1849-ஆம் ஆண்டு பிள்ளையார் திருவிழாவுக்குக் கூடிய ஜனங்களை ஏதோ ஒரு பீதி பற்றிக்கொள்ள, இந்தச் சின்னக் குன்றில் சுமார் 250 பேர் நெரிசலில் சிக்கி மாண்டு போனார்கள்.

அவர்களைக் கொன்றது யார்?

'விதி' என்று சொல்லிவிடுகிறோம். இல்லாவிட்டால் 'கூட்டம்' என்கிறோம். எந்தப் பெயரைச் சொன்னாலும் குற்றவாளி மறைந்துவிடுகிறான். அன்று அங்கே இருந்தவர்களில் ஒருவன் மனத்திலும் கொலை எண்ணம் இருந்திராது. எல்லோரும் சாமி கும்பிட வந்தவர்கள். ஆனாலும் ஒவ்வொருவனும் ஒரு தோள் அளவுக்காவது முன்னால் இருந்தவனைத் தள்ளியிருப்பான். 'என்னைப் பின்னாலிருந்து தள்ளினார்கள்' என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்த உண்மை. தன் முதுகில் பட்ட கை தெரிகிற அளவுக்குத் தன் கை யார் முதுகில் பட்டது என்பது மனிதனுக்குத் தெரிவதில்லை.

சம தரையில் தள்ளினால் முன்னால் இருப்பவன் இரண்டடி நகர்ந்து சமாளித்துக்கொள்வான். செங்குத்தான படியில் அவன் எங்கே நகர்வான்? நெரிசலில் இறப்பவர்கள் மிதிபட்டு இறப்பதாக நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. முன்னும் பின்னும் உடல்கள் அழுத்த, மார்பு விரிய இடமின்றி, நின்ற நிலையிலேயே மூச்சு அடைத்துப் போகிறது. ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் நெருங்கிவிட்டால், தனி மனிதனின் கால் அவன் சொன்னபடி கேட்காது. அங்கே தர்ம உபதேசத்துக்கும் வேலை இல்லை. பொறுப்பு என்று ஒன்று இருந்தால், அது அதற்கு முந்திய சில நிமிஷங்களில்தான் இருக்கிறது. இன்னும் நிற்க முடிகிறபோதே நிற்பது. மேலே வழி அடைபட்டிருக்கிறது என்று பின்னால் இருப்பவனுக்குத் திரும்பிச் சொல்வது.

2005 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் மாந்தர்தேவி மலைக்கோயிலில் ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். பக்தர்கள் உடைத்த தேங்காய்களின் தண்ணீர் படிகளை வழுக்கலாக்கியிருந்தது. 2008 ஆகஸ்டில் இமாசலப் பிரதேசத்து நைனா தேவி மலைப் பாதையில் 140 பேருக்கு மேல் பலி. மலை சரிகிறது என்று கிளம்பிய வதந்திதான் அங்கே எமன். தேங்காய் உடைத்தவன் புண்ணியம் தேடினான். மலை சரிகிறது என்று சொன்னவர்களில் சிலராவது மற்றவர்களைக் காப்பாற்றுவதாகவே நினைத்திருப்பார்கள். மனம் சுத்தமாக இருந்தால் போதும் என்கிறார்களே, அவர்கள் அந்த ஈரப் படியில் ஒரு தடவை கால் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு ஒரு வழி என்று பிரிப்பதும், எண்ணி எண்ணி ஆட்களை விடுவதும் அதிகாரிகளின் கடமை. அதைச் செய்யத் தவறியவர்களை மன்னிக்க வேண்டியதில்லை. அதற்காக நம்முடைய கணக்கு தீர்ந்துவிடுமா?

மலைக்கோட்டையில் நானூறுக்கு மேற்பட்ட படிகள். மூச்சு வாங்கினால் தாயுமானவர் சன்னதிப் பக்கம் ஒதுங்கி உட்காரலாம். நாமோ நடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறோம். அல்லது அங்கேயே நின்று செல்போனில் படம் எடுக்கிறோம். இளைஞர்களோ இரண்டிரண்டு படியாகத் தாவுகிறார்கள். இந்தக் குன்றில் முதன்முதலாக ஓடி ஏறியவர் பிள்ளையார்தான் என்று புராணம் சொல்கிறது. ரங்கநாதரை ஸ்ரீரங்கத்தில் இருத்திவிட்டு, விபீஷணனுக்குப் பயந்து ஓடி வந்தவர் அவர். உச்சியில் தலையில் குட்டும் வாங்கினார். அவருக்காவது துரத்த ஆள் இருந்தது. நம்மை யார் துரத்துகிறார்கள்?

சதுர்த்தியன்று 75 கிலோ கொழுக்கட்டையைத் தூளியில் கட்டி உச்சிக்குச் சுமந்து போகிறார்கள். அது வரும்போது யாரும் சொல்லாமலே கூட்டம் சுவரோரம் ஒதுங்கிக்கொள்கிறது. அதே படியில் கைக்குழந்தையோடு ஒருத்தி இறங்கி வந்தால் அவள்தான் ஒதுங்குகிறாள்.