தொடுவானம் யாருடையது?

மழை ஓய்ந்த காலையில் கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் நின்றால், தெற்கே சமவெளி விரிந்து வானோடு ஒன்றாகிவிடுகிறது. கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டருக்குச் சற்று அதிகமான அவ்வுயரத்திலிருந்து தொடுவானம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் அமையும். மூடுபனி வழிவிட்டால்தான் என்பது வேறு.

பல ஆண்டுகளுக்கு முன் இம்மலையில் அடக்கத் திருப்பலி ஒன்றை நிறைவேற்றுகையில், மரித்தோர் தொடுவானத்தைக் கடந்தவர்கள் என்றும், அதற்கப்பால் விண்ணகம் தொடங்குகிறது என்றும் மறையுரை ஆற்றினோம். பூசை முடிந்ததும் இளைஞர் ஒருவர் அருகில் வந்து, "சாமி, இராமேசுவரத்தில் நிற்பவருக்கு நம் மலையும் தொடுவானத்துக்கு அப்பால்தானே? அப்படியானால் நாம் மோட்சத்திலா இருக்கிறோம்?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தோம். வினாவோ நம்மைவிட்டு அகலவில்லை.

பேரண்டத்துக்கும் ஒரு தொடுவானம் உண்டு. அண்டத்தின் விரிவு விரைவுபட்டு வருவது 1998-இல் தெரியவந்தது. இப்போக்கு நீடிப்பின், ஏறத்தாழ 1,600 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இன்று புறப்படும் ஒளி எக்காலத்தும் நம்மை வந்தடையாது. அத்தகைய எல்லைக்கு வெப்பநிலையும் உண்டென 1977-இல் கிப்பன்சும் ஹாக்கிங்கும் கணித்தனர். தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் அது எவ்வளவு? பதின்மப் புள்ளிக்குப் பின் 29 சுழிகளை எழுதிய பிறகே முதல் இலக்கம் வரும்! அவ்வெல்லையின் பரப்பை, தமக்கு மறைந்திருப்பனவற்றைக் குறித்துக் காண்பவருக்குள்ள அறியாமையின் அளவாகக் கொள்ளலாம் என்றும் அவர்கள் விளக்கினர். அறியாமைக்கும் அளவுண்டு என்பது குருக்களாகிய நமக்குப் பயன்படக்கூடிய செய்தி.

ஆயினும் அவ்வெல்லை எங்கோ எழுப்பப்பட்ட மதிலன்று. பெல்ஜிய நாட்டுக் குரு ஜார்ஜ் லெமேத்ர், டி சிட்டர் வகுத்த அண்ட மாதிரியை 1925-இல் ஆராய்ந்து, அதில் மையம்போல் தோன்றுவது அளக்கும் முறையால் நுழைந்த மயக்கமே எனக் காட்டினார். அங்கே எவ்விடமும் சமம். காண்பவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் தொடுவானம். இளைஞர் கேட்டதும் இதைத்தான்.

அதே லெமேத்ர், தாம் 1931-இல் முன்வைத்த தொடக்க அணுக் கருத்தைப் படைப்புக்குச் சான்றாக்க இசையவில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951 நவம்பரில் திருப்பீட அறிவியல் கழகத்தில் அப்பொருள்பட உரையாற்றியது அவருக்கு உவப்பாயில்லை. மறு ஆண்டு வானியலாளரிடம் பேசியபோது திருத்தந்தை அதை மீண்டும் கூறவில்லை. குருவின் தயக்கம் கீழ்ப்படியாமையா? நாம் அவ்வாறு எண்ணவில்லை. இன்றைய கணக்கின் விடையாக இறைவனை எழுதிவிட்டால், கணக்கு திருத்தப்படும் நாளில் எளிய மக்களின் விசுவாசமும் அல்லவா அழிபடும்?

இப்போதெல்லாம் அடக்கத் திருப்பலிகளில் நாம் தொடுவானத்தைப் பற்றிப் பேசுவதில்லை. உயிர்ப்பை நம்புகிறோம் என அறிக்கையிடுகிறோம்; இடம் சொல்வதில்லை. ஆனால் அன்று கணவரை அடக்கம் செய்த அந்த அம்மா, அம்மறையுரையே தம்மைத் தாங்கியது என்று இன்றும் நன்றி கூறுகிறார். அவரிடம் அதைத் திருத்திச் சொல்ல நாம் இன்னும் துணியவில்லை.