சந்தேகத்தின் வரிசை

ஒரு காரியம் கெட்டுப்போனால் நாம் முதலில் யாரைச் சந்தேகிக்கிறோம்? இந்தக் கேள்வியை என் முன் கொண்டுவந்து வைத்தது, என் மேசைமேல் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்.

ஒரு நாள் காலை அது பாதி வழியில் நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், விசிறி சுழலும், திரை கொஞ்சம் வெளுக்கும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. அதன் வயிற்றுக்குள் என் நாவலின் ஒன்பது அத்தியாயங்கள் இருந்தன. வேறு எங்கும் பிரதி இல்லை. என் மனநிலையை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

தெருக்கோடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் இளைஞர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சிஸ்டம் ஃபைல் ஏதோ கெட்டிருக்கும் சார். இன்ஸ்டலேஷன் டிவிடியைப் போட்டுப் பாருங்க. ரிப்பேர் பண்ணவும் அதிலேயே வழி இருக்கு" என்றார். என் பெட்டிக்கு உரிய அனுமதி எண் என்னிடம் இருந்தது. தட்டுதான் எங்கோ தொலைந்து போயிருந்தது. அவர் ஒரு தட்டுக் கொடுத்தார். 100 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அன்றிரவு ஏழு முறை முயன்றேன். தட்டு உள்ளே சுழலும் ஓசை கேட்டது. திரையிலோ அதே பழைய வெளுப்பு. ஏழாவது முறை முடிந்தபோது என் மனம் தீர்ப்பை எழுதிவிட்டது: 'நேற்றுப் பிறந்த பையன், விஷயம் தெரியாத கிழவன் என்று நினைத்து உதவாத தட்டைத் தலையில் கட்டிவிட்டான்.' எனக்கு ஒன்றும் அவ்வளவு வயதாகிவிடவில்லை. ஆனால் கோபம் வந்தவனுக்குத் தன் மேல் இரக்கமும் கூடவே வந்துவிடுகிறது.

மறுநாள் கடைக்குப் போனேன். அங்கே இரண்டு பேர் தங்கள் வேலைக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே, "இப்படி ஏமாற்றிப் பிழைக்கவா கடை வைத்திருக்கிறாய்?" என்று கேட்டுத் தட்டை மேசைமேல் போட்டேன். இளைஞரின் முகம் சிறுத்துவிட்டது. பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. "சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் சார்" என்று மட்டும் சொன்னார்.

சொன்னபடி வந்தார். முதலில் அந்தத் தட்டைத் தம்முடைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். அது ஒழுங்காக வேலை செய்தது. பிறகுதான் என் பெட்டியின் பக்கம் திரும்பினார்.

அவர் அன்று விளக்கியதையும், அதன்பின் நான் படித்தறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் விழித்தெழும் கணத்தில் அதற்கு ஒன்றுமே நினைவிருக்காது. ஒரு சிறு சில்லுக்குள் எழுதி வைத்த நிரல்தான் அதைக் கைப்பிடித்து நடத்த வேண்டும். 1981ல் ஐ.பி.எம். வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரில் 'பயாஸ்' என்ற பெயரோடு அது இருந்தது. எங்கே தேடுவது என்பதற்கு அந்த நிரலிடம் ஒரு வரிசை உண்டு. என் பெட்டியில் ஹார்ட் டிஸ்க் முதலிடத்தில் இருந்தது. அங்கே ஏதோ கிடைத்துவிட்டதால், கெட்டுப்போன அதையே பிடித்துக்கொண்டு அது நின்றது. தட்டின் பக்கம் திரும்பவே இல்லை.

இளைஞர் வரிசையை மாற்றினார். அப்போதும் பழைய கதைதான். மறுபடியும் பொத்தானை அழுத்திவிட்டு, "திரையைப் பாருங்க சார்" என்றார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: தட்டிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு விசையை அழுத்தவும். ஐந்து விநாடி அளவுக்குத்தான் அது நிற்கும். யாரும் அழுத்தாவிட்டால், பெட்டி பழைய வழிக்கே போய்விடும். அவர் ஒரு விசையைத் தட்டினார். தட்டு பேச ஆரம்பித்தது. என் ஒன்பது அத்தியாயங்களும் பிழைத்தன.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வரிசை தவறியிருக்கலாம், விசை அழுத்தாமல் இருந்திருக்கலாம், தட்டில் கீறல் இருக்கலாம், படிக்கும் கண்ணாடியில் தூசி படிந்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு. தட்டிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கும் முறையை ஃபீனிக்ஸ், ஐ.பி.எம். என்ற இரு நிறுவனங்கள் 1995ல் வகுத்தன. அதன்படி தட்டின் 17ஆம் பகுதியில் தொடக்கக் குறிப்பு இருக்க வேண்டும். பதிவு செய்கிறவர் முறை தெரியாமல் முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுத்துவிட்டால், எல்லாம் தட்டில் இருக்கும். அந்தக் குறிப்பு மட்டும் உரிய இடத்தில் இருக்காது. பெட்டி எழுந்திருக்காது. ஒரு கோளாறுக்கு இத்தனை குற்றமற்ற காரணங்கள்! இத்தனையையும் தாண்டி என் மனம் நேரே ஒரு மனிதனின் நாணயத்தில் போய் ஏன் விழுந்தது?

யோசித்தபோது எனக்குக் கிடைத்த விடை இதுதான்: பொருளில் குற்றம் காண அறிவு வேண்டும், மனிதனிடம் குற்றம் காண அறிவே வேண்டியதில்லை. பயாஸ் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஏமாற்றுக்காரன் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். தெரியாததைத் தேடிப் போவதைவிடத் தெரிந்ததை நீட்டிக் காட்டுவது சுலபம்.

தட்டு உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தால் நான் பேசியது நியாயமாகியிருக்குமா? அப்போதும் ஆகியிருக்காது. தட்டு கெட்டது என்பது ஒரு செய்தி. தெரிந்தே கொடுத்தார் என்பது வேறொரு செய்தி. முதலாவதற்குச் சான்று கிடைத்தாலும் இரண்டாவதற்குத் தனியாகச் சான்று வேண்டும். நான் ஒன்றையும் தேடவில்லை. அவரோ, பேச்சற்ற ஒரு தட்டைக்கூட இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுச் சோதித்த பிறகே முடிவுக்கு வந்தார். தட்டுக்குக் கிடைத்த நீதி அந்த மனிதருக்கு என்னிடம் கிடைக்கவில்லை.

வீட்டிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் நாலு பேர் முன்னால் வைத்த பழியை அறைக்குள் திரும்ப எடுத்துக்கொள்வது கோழைத்தனமாகப் பட்டது. மறுநாள் அதே நேரத்துக்குக் கடைக்குப் போனேன். மூன்று பேர் நின்றிருந்தார்கள். "தம்பி, உன் தட்டு நல்ல தட்டுதான். தப்பு என்னுடையது" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "அதெல்லாம் விடுங்க சார்" என்று அவர் கூச்சத்தோடு சிரித்தார்.

அந்த மூவரும் புதியவர்கள். முதல் நாள் நின்ற இருவரையும் அதன்பின் நான் பார்க்கவே இல்லை. எந்தத் தெருக்காரர்கள் என்றும் தெரியாது. கம்ப்யூட்டரின் வரிசையைத் திருத்த அந்த இளைஞருக்கு ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது. அந்த இருவரின் மனத்தில் நான் எழுதிவிட்டு வந்ததைத் திருத்த எனக்கு இன்றுவரை வழி கிடைக்கவில்லை.