நடுவர் என்கிற வசதி

2007 அக்டோபர் 6, கார்டிஃப். ரக்பி உலகக்கோப்பைக் காலிறுதி. இடைவேளையில் 13-3 என்று முன்னிலையில் இருந்த நியூசிலாந்து, பிரான்ஸிடம் 18-20 என்று தோற்றது. பிரான்ஸின் கடைசி ட்ரைக்கு முன் பந்து முன்பக்கமாக வீசப்பட்டது. ரக்பியில் அது கூடாது. நடுவர் வெய்ன் பார்ன்ஸ் கவனிக்கவில்லை. 28 வயது இளைஞர். அவருக்குக் கொலைமிரட்டல் வரை போனது.

தவறு தவறுதான். ஆனால் அதற்குப் பிறகும் பத்து நிமிடம் மிச்சம் இருந்ததே! மூன்று புள்ளி தரும் ஒரு டிராப் கோல் போதும். இவர்களோ பெரும்பாலும் ட்ரைக்காக முட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜெயித்தால் ரசிகன் "நாம ஜெயிச்சோம்" என்பான். தோற்றால் "நம்மள ஏமாத்திட்டாங்க". "நாம தோத்தோம்" என்று ஏன் வாயில் வருவதில்லை? தோற்ற வீரனுக்கு மறுநாள் பயிற்சி இருக்கிறது, பயிற்சியாளருக்குப் புதுத் திட்டம் இருக்கிறது. ரசிகனுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. கோபம் ஒன்றுதான் அவனுக்கு மிஞ்சிய வேலை. பாவம்தான். அதற்காக அந்த வேலையை இன்னொருவர் முதுகில் செய்யலாமா? தீர்ப்பைத் திட்டலாம், தாராளமாக. ஆளையே திட்டும்போது நாம் நியாயம் கேட்கவில்லை, தோல்வியை இறக்கிவைக்க இடம் தேடுகிறோம்.

2023 இறுதிப்போட்டிக்கும் பார்ன்ஸ்தான் நடுவர். தென்னாப்பிரிக்காவிடம் நியூசிலாந்து தோற்றது, ஒரே ஒரு புள்ளியில்.