மறைத்த நோயும் துணையின் உரிமையும்

பிழைப்புக்காகக் கடல் கடந்து போன ஒருவர் அங்கே கடும் நோயில் விழுகிறார். அதை ஊரிலிருக்கும் மனைவியிடமோ கணவனிடமோ சொல்லாமல் மறைக்கிறார். இது தகுமா என்று கேட்கும்போது இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பொய் சொல்லலாமா என்பது ஒன்று. ஒருவருடைய நோய் யாருக்குச் சொந்தம் என்பது மற்றொன்று. முதல் கேள்வியைச் சமய நூல்கள் விரிவாகவே ஆராய்ந்திருக்கின்றன. இரண்டாவதை அவை தொட்ட இடங்கள் குறைவு. தம்பதியர் வாழ்வுக்குத் தேவைப்படும் பதில் அந்தச் சில இடங்களில்தான் இருக்கிறது.

1970களில் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடா நாடுகளில் கட்டுமான வேலை பெருகியதிலிருந்து, தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் இந்த மறைப்பு பல குடும்பங்களுக்குப் பழகிவிட்ட ஒன்று. முகம் தெரியும் அழைப்பு நின்று குரல் மட்டும் வரும். 'வேலை ஜாஸ்தி, அதான் பேச முடியலை' என்ற பதில் வரும். ரூமில் உடன் தங்கியிருப்பவர்களிடம் ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கப்படும். காரணங்களும் தெரிந்தவையே. ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணம் வட்டிக் கடனாக நிற்கிறது, தங்கையின் கல்யாணம் நெருங்குகிறது, வீட்டுச் சுவர் பாதியில் நிற்கிறது. இக்காமா எனும் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது மெடிக்கலில் காசநோயோ எச்.ஐ.வி.யோ தெரியவந்தால் வேலையே போய்விடலாம் என்ற அச்சம் வேறு. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் ஊரிலிருக்கும் கணவனிடம் மறைப்பதும் உண்டு. மார்பில் கட்டி கண்ட மனைவி, அவர் லீவில் வரட்டும் என்று வெளிநாட்டிலிருக்கும் கணவனிடம் சொல்லாமல் நாள் கடத்துவதும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் அன்பினால்தான் மறைக்கிறார்கள். கேள்வியைக் கடினமாக்குவதும் அதுதான்.

அன்பினால் சொல்லும் பொய்யையும் மறுத்தவர்களில் முதன்மையானவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன். பொய்க்கு எதிராக கி.பி. 420 வாக்கில் அவர் எழுதிய நூலில், சாவின் விளிம்பில் கிடக்கும் ஒரு நோயாளி வருகிறார். அவருடைய ஒரே மகன் இறந்துவிட்டான். அது அவருக்குத் தெரியாது. மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்கிறார். உண்மையைச் சொன்னால் உயிர் போய்விடும். அகுஸ்தீன் அந்த இடத்தில் தம் மனம் கலங்குவதை ஒளிக்கவில்லை. ஆனாலும் பொய்க்கு அவர் இடம் தரவில்லை. இரக்கத்துக்காக ஒரு பொய்யை அனுமதித்தால் அடுத்ததைத் தடுக்க எல்லை இராது என்று அஞ்சினார். 1797-இல் இம்மானுவேல் காண்ட் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி போய், கொலைகாரனிடம்கூடப் பொய் ஆகாது என்றது. இந்த வழி சொல்லப்பட்ட வாக்கியத்தைத் தராசில் வைக்கிறது. கணவன் மனைவிக்கிடையே அது போதாது. 'நல்லா இருக்கேன்' என்று ஒரு முறைகூடச் சொல்லாமல், பேச்சை மாற்றியே மாதக்கணக்கில் நோயை மறைக்க முடியும். அங்கே பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. மறைப்பு மட்டும் முழுமையாக இருக்கிறது.

மறுபுறம், வாக்கியத்தை விட்டு விளைவைப் பார்த்த மரபுகள் உண்டு. மகாபாரதத்தின் கர்ண பருவத்தில் கௌசிகன் என்ற தவசி, ஓடி ஒளிந்தவர்கள் போன வழியைக் கொள்ளையர் கேட்க, உண்மையைச் சொல்லி அவர்களைச் சாகவிட்டு நரகம் புகுகிறான். அந்தக் கதையை அருச்சுனனுக்குச் சொல்பவன் கண்ணன். திருக்குறளின் வாய்மை அதிகாரம், பிறருக்குத் தீங்கு தராத சொல்லே வாய்மை என்றும், குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் கொள்கிறது. நோயை மறைப்பவருக்கு ஆதரவாகப் பலரும் எடுத்துக்காட்டுவது இந்தக் குறளைத்தான்.

ஆனால் அது தரும் அனுமதி நினைப்பதைவிடக் குறுகியது. அந்தப் பொய் ஓர் உயிரைக் கேட்டிலிருந்தோ சாவிலிருந்தோ விடுவித்து இன்புறச் செய்ய வேண்டும் என்று பரிமேலழகர் உரை கொள்கிறது. மறைக்கப்பட்ட நோய் மனைவியை எந்தக் கேட்டிலிருந்தும் விடுவிப்பதில்லை. அவள் துயரத்தை அது தள்ளிப்போடுகிறது, தள்ளிப்போட்ட காலத்துக்கு வட்டியும் சேர்க்கிறது. அடுத்த குறளோ, தன் நெஞ்சு அறிந்ததைப் பொய்த்தால் தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்கிறது. கேட்பவருக்கு என்ன ஆகும் என்பதோடு சொல்பவருக்கு என்ன ஆகும் என்பதையும் வள்ளுவர் கணக்கில் சேர்க்கிறார். தனி அறையில் காய்ச்சலோடு படுத்தபடி, போனில் குரலைத் தெளிவாக்கிக்கொண்டு பேசும் மனிதரின் நிலையை அந்தக் குறள் நன்றாகவே அறிந்திருக்கிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வாய்மை அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது. பிரிந்து போகும் கணவனும் அவன் மனைவியும் பேசிக்கொள்ளும் இடத்தைக் காண வேண்டுமானால் காமத்துப்பாலின் பிரிவாற்றாமை அதிகாரத்துக்குப் போக வேண்டும். அங்கே தலைவி ஆறுதல் சொற்களை ஏற்பதில்லை. விரைவில் வருவேன் என்ற பேச்சை, அதுவரை உயிரோடு இருக்கப்போகிறவர்களிடம் சொல் என்று திருப்பிவிடுகிறாள். பொருள்தேடப் பிரிந்தவனிடம் அவள் கேட்பது மெய்யான செய்தி.

வளைகுடாவில் உழைக்கும் தமிழர்களில் முஸ்லிம்கள் கணிசமானவர்கள். அவர்களுடைய மரபில் இந்தக் கேள்விக்கு மிக நெருங்கிய விவாதமே இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், இறைவன்மீது முழுப் பொறுப்பை வைத்தவர்கள் நோயை வெளியிடுவதையும் மறைப்பதையும் பற்றித் தனியாகவே ஒரு பகுதி எழுதினார். மறைப்பதை அவர் உயர்வாகவே மதிக்கிறார். இறைவன் விதித்ததைப் பற்றி மனிதரிடம் குறைப்பட்டுக்கொள்ளாத பொறுமை அது. அதேசமயம், சிகிச்சைக்காக மருத்துவரிடம் சொல்வது முறையீடு ஆகாது என்றும், பிறருக்குப் பொறுமையைக் கற்பிக்கவோ தம் பலவீனத்தையும் இறைவன்பால் தமக்குள்ள தேவையையும் காட்டவோ வெளியிடலாம் என்றும் அவர் விளக்குகிறார். ஆக, குறைப்பட்டுக்கொள்வது வேறு, தெரிவிப்பது வேறு. நோயைப் பொறுமையோடு தாங்க நினைப்பவர் மனைவியிடம் அதைத் தெரிவித்துவிட்டும் தாங்கலாம்.

தம்பதியர் பேச்சைப் பற்றி நபிமொழித் தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிமில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. போரிலும், மக்களிடையே சமாதானம் செய்வதிலும், கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் பேசுவதிலும் மெய்க்கு மாறான பேச்சுக்குச் சலுகை உண்டு என்பது அது. 1277-இல் மறைந்த இமாம் நவவி இதற்கு எழுதிய விளக்கமே முடிவான எல்லையைக் காட்டுகிறது. அந்தச் சலுகை அன்பைக் காட்டிக்கொள்ளும் பேச்சுக்குரியது. கணவனோ மனைவியோ மற்றவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருக்கவோ, தனக்குரியதல்லாததை எடுத்துக்கொள்ளவோ ஏமாற்றுவது ஹராம் (விலக்கப்பட்டது), அதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை என்கிறார் அவர். இதோடு கேள்வி பொய்யை விட்டு உரிமைக்கு நகர்ந்துவிடுகிறது. துணையின் நோயை அறிவது, துணைக்குக் கொடுக்க வேண்டிய ஒன்றா?

சாவித்திரியின் கதையை இங்கே தவறாகப் படிக்க இடமுண்டு. ஓராண்டில் சத்தியவான் இறப்பான் என்று நாரதர் சொன்னதை, அந்த நாள் வந்தபோதும் அவள் கணவனிடம் சொல்லவில்லை. மகாபாரதத்தின் வன பருவம் அதைக் குறையாகக் கருதவும் இல்லை. எனவே மறைக்கலாம் என்று வாதிடலாம். ஆனால் அவள் மறைத்த விதத்தைப் பார்க்க வேண்டும். அறிவின் பாரம் முழுவதையும் தானே ஏற்றாள். கடைசி மூன்று நாள் கடும் நோன்பிருந்தாள். விறகு வெட்டப் போன கணவனோடு, பூத்திருக்கும் காட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அன்று தானும் போனாள். தலைவலி வந்து அவன் சாய்ந்தது அவள் மடியில். அவளுடைய மௌனம் அவளை அவன் பக்கத்திலேயே நிறுத்தியது. தொலைதூர நோயாளியின் மௌனமோ துணையைப் பக்கத்தில் வரவிடாமல் தடுக்கிறது. சாவித்திரியின் நினைவாகக் காரடையான் நோன்பு நோற்கும் பெண்ணின் கணவர், தம் நோயை அவளிடமிருந்து மறைத்திருந்தால், தன் வேண்டுதல் எதை நோக்கியது என்றே அவளுக்குத் தெரியாமல் போகிறது.

நோயை அறிவது துணையின் உரிமையா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான பதில், தமிழில் அதிகம் பேசப்படாத ஒரு பௌத்த சுத்தத்தில் (சூத்திரத்தில்) இருக்கிறது. பாலி மொழித் தொகுப்பான அங்குத்தர நிகாயத்தின் ஆறுகளின் தொகுதியில் வருவது அது. பக்க நாட்டில் சுஞ்சுமாரகிரி என்ற ஊரில் நகுலபிதா என்ற இல்லறத்தார் கடும் நோயுற்றுக் கிடக்கிறார். அவர் வாய்விட்டு எதுவும் சொன்னதாகச் சுத்தம் கூறவில்லை. மனைவி நகுலமாதாவே பேசத் தொடங்குகிறாள். கவலையோடு சாக வேண்டாம், கவலையோடு சாவது துன்பம் என்கிறாள். பிறகு அவர் மனதில் என்னென்ன ஓடக்கூடும் என்று எண்ணி ஒவ்வொன்றுக்கும் பதில் வைக்கிறாள். நான் போனபின் பிள்ளைகளை இவள் எப்படிக் காப்பாற்றுவாள் என்று நினைக்கலாம். எனக்குப் பஞ்சு நூற்கத் தெரியும், கம்பளி சிக்கெடுக்கத் தெரியும், பிள்ளைகளையும் குடும்பத்தையும் நான் தாங்குவேன். வேறு வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைக்கலாம், போகமாட்டேன். புத்தரையும் சங்கத்தையும் காண விரும்பமாட்டாள் என்று நினைக்கலாம். முன்பைவிட அதிகமாகவே விரும்புவேன். ஒழுக்கத்திலும், மன அமைதியிலும், தர்மத்தில் உறுதி பெற்றதிலும் தனக்குக் குறையில்லை என்று மற்ற மூன்றையும் சொல்லி முடிக்கிறாள். நகுலபிதாவின் நோய் தணிகிறது. கோலூன்றிக்கொண்டு புத்தரைப் பார்க்கப் போகிறார். இப்படி இரங்கி அறிவுரை சொல்லும் மனைவி வாய்த்தது உமக்குப் பேறு என்கிறார் புத்தர்.

இந்தக் கதையில் கணவனின் முதல் கவலை பஞ்சு நூற்றால் தீரும் கவலை. வளைகுடா அறையில் படுத்திருப்பவரின் கவலையும் அதுவே: கடன், பிள்ளைகள், பாதிச் சுவர். அவர் அந்தக் கவலைக்காகவே நோயை மறைக்கிறார். மறைத்ததனால், அந்தக் கவலையைத் தீர்க்கக்கூடிய ஒரே ஆளின் வாயை அடைத்துவிடுகிறார். தையல் மெஷின் வாங்கிப் போடுகிறேன், கல்யாணத்தைத் தள்ளி வைப்போம், நகையை விற்போம், நீங்கள் வந்துவிடுங்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். அங்கிருந்து அவளால் என்ன செய்ய முடியும், தெரிந்தால் அழத்தானே செய்வாள் என்ற வாதம், அவளை அழ மட்டுமே தெரிந்தவளாக எண்ணுகிறது. நவவி சொன்ன, கொடுக்க வேண்டியது என்பது இதுதான்: செய்தி என்பதைவிட, அந்தச் செய்தியைக் கேட்டு முடிவெடுக்கும் இடம். சிகிச்சை எங்கே, திரும்புவதா, கடனை யாரிடம் பேசுவது என்பவை இருவர் வாழ்வையும் மாற்றும் முடிவுகள். அவற்றில் அவளைக் கேளாமல் வைத்திருந்து கடைசியில் அவர் இறந்துவிட்டால், உடலை அனுப்புவதா அங்கேயே அடக்கம் செய்வதா என்பதற்கு அவளுடைய ஒப்புதல் கடிதம் தேவைப்படும். அந்த நோயில் அவளிடம் கேட்கப்படும் முதல் கேள்வி அதுவாக இருப்பது கொடுமை.

தொற்றும் நோயில் விவாதத்துக்கே இடமில்லை. அங்கே மறைப்பு துணையின் உடலுக்கே தீங்காகிறது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் நோயாளியின் இரகசியத்தைக் காக்கிறது. ஆயினும் துணைக்குக் கணிசமான ஆபத்து இருந்து, ஆலோசனை சொன்ன பின்னும் நோயாளி தாமே தெரிவிக்கமாட்டார் என்று மருத்துவரோ ஆலோசகரோ உறுதியானால், முன்கூட்டி அவரிடம் சொல்லிவிட்டுத் துணைக்குத் தெரிவிக்க அனுமதிக்கிறது. அதே சட்டம் ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. நோயாளி பெண்ணாக இருந்து, தெரிவித்தால் அவள் அடிபடுவாள் அல்லது கைவிடப்படுவாள் என்று அஞ்ச நியாயமிருந்தால் அவளுடைய கணவனுக்கு மருத்துவரோ ஆலோசகரோ தெரிவிக்கக் கூடாது. இந்த விலக்கு சட்டத்துக்கு வெளியிலும் பொருந்தும். நகுலமாதாவைப் போல் பேசும் துணைக்கே அறியும் உரிமை முழுமையாக உண்டு. நோய் என்று கேட்டதும் சீட்டைக் கிழிக்கும் கணவனிடம் ஒரு பணிப்பெண் மறைப்பது தற்காப்பு. அவளைப் பொய் சொன்னவள் என்று எந்த அறநூலின் பெயராலும் குறைகூற முடியாது.

காலம் பார்ப்பதும் மறைப்பதும் ஒன்றல்ல. இன்னொரு பௌத்தத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் அபயராஜகுமார சுத்தத்தில், மெய்யாகவும் பயனுள்ளதாகவும் இருந்து கேட்பவருக்குப் பிடிக்காத சொல்லைச் சொல்லத் ததாகதர் (புத்தர்) காலம் அறிவார் என்று வருகிறது. திசுப் பரிசோதனை முடிவு வரும்வரை பொறுப்பது, மனைவி பிரசவ அறையிலிருந்து வரும்வரை பொறுப்பது, போனை எடுக்கும்போது அவள் தனியே இருக்கிறாளா என்று பார்ப்பது இவையெல்லாம் காலம் அறிதல். சொல்லப்போகிற நாள் மனதில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதே வேறுபாட்டைக் காட்டும் அடையாளம். நாள் தள்ளிக்கொண்டே போனால் அது மறைப்பாக மாறிவிட்டது.

எஞ்சுவது, சத்தியம் செய்துகொடுத்த அறைத்தோழர்களின் நிலை. நம்பிச் சொன்ன இரகசியம் அமானிதம் (ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு), அதை உடைப்பது துரோகம். ஆனால் ஊரிலிருந்து மனைவி நேரடியாகக் கேட்கும்போது பொய் சொல்லும்படி அந்த அமானிதம் எவரையும் கட்டாது. 'அவரிடமே கேளுங்கள்' என்று சொல்லிவிடலாம். நோயாளி நினைவிழந்தாலோ, அறுவை சிகிச்சைக்கு எடுத்துச்செல்லப்பட்டாலோ, முடிவெடுக்கும் ஆள் அவர் இல்லை என்றாகிவிடுகிறது. அந்த நிலையில் வாக்கைக் காப்பது அவருக்கும் உதவாது. ஆகவே தோழர் செய்யத்தக்கது, சத்தியம் கேட்கப்படும்போதே அதன் எல்லையை நோயாளியிடம் சொல்லிவிடுவது: இந்த அளவுவரை பேசமாட்டேன், அதற்குமேல் வீட்டுக்குச் சொல்வேன் என்று. அப்படிச் சொல்ல நேரும்போது, முதல் போன் அவளுடைய அண்ணனுக்கோ பக்கத்து வீட்டுப் பெரியவருக்கோ போய், அவர்கள் அவளருகே வந்து உட்கார்ந்த பின் அவளிடம் பேச வேண்டும்.