ஆலாக்களின் தீவில் விழுந்த ட்ரோன்

2021 மே மாதத்தில் கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் பீச்சிலுள்ள போல்சா சிக்கா சரணாலயத்தில், எலிகன்ட் ஆலாக்கள் முட்டையிட்டிருந்த தீவின் மேல் ஒரு ட்ரோன் விழுந்தது. அதை மேலிருந்து பாயும் வேட்டைப் பறவை என்றே அவை எண்ணியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பறவைகள் ஒருசேர எழும்பிப் போயின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் கேட்பாரற்றுக் கிடந்தன. இந்த ஆலா பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். கூடு என்பது வெறும் மணலில் பறித்த சிறு குழி. வெயிலுக்கு நிழலும் கடற்காகங்களுக்குத் தடையும் மாறி மாறி அடைகாக்கும் தாய் தகப்பனின் உடம்புதான். அந்த உடம்பு விலகிப்போனால் அந்த முட்டைக்கு வேறு காவல் இல்லை.

இயற்கை செய்யாத கேடா என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். இந்த இனத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கூடுகட்டுவது மெக்சிகோவின் ராசா தீவில்; கடல் சூடேறி மத்தி மீன் குறையும் ஆண்டுகளில் அவை அந்தத் தீவையே கைவிட்டு வடக்கே வருகின்றன. ஆனால் இந்த வாதம் எதிர்த்திசையில்தான் நம்மை இழுக்கிறது. கடல் கைவிட்ட ஆண்டில் ஒதுங்க வந்த பறவைக்கு, வந்த இடமும் பறிபோனால் மிச்சம் என்ன? கடல் சூட்டுக்கு யாரிடமும் கணக்குக் கேட்க முடியாது. ட்ரோனைப் பறக்கவிடாமல் இருந்திருக்க ஒருவரால் முடியும். ‘தெரியாமல் விழுந்துவிட்டது’ என்பதும் நிற்காது. விழக்கூடிய ஒன்றைக் கூடுகளுக்கு மேல் அனுப்பியது அறிந்தே செய்த செயல், அங்கே ட்ரோனுக்குத் தடையும் இருந்தது.

கூடுகளுக்கு மேல் ட்ரோன் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான மறுப்பு ஆய்வாளர்களுடையது. ஆட்கள் நடந்து போய் எண்ணுவதைவிட ட்ரோன் படம் துல்லியமாக இருக்கலாம், தொந்தரவும் குறையலாம். பிரான்சில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வொன்றில், பெரும்பாலான முறை ட்ரோனை 4 மீட்டர் வரை நெருக்கியும் பறவைகள் கண்ணுக்குத் தெரிய மிரளவில்லை. நேர் மேலிருந்து இறக்கியபோதுதான் அதிகம் கலைந்தன. ஆனால் அந்த ஆய்வு முட்டைமேல் உட்கார்ந்த பறவைகளை வைத்துச் செய்ததல்ல. அசையாமல் இருப்பதாலேயே ஒரு தாய்ப்பறவை அமைதியாக இருக்கிறது என்று முடிவுகட்டவும் கூடாது. முட்டையை விட முடியாமல் அஞ்சியும் உட்கார்ந்திருக்கலாம். எனவே அந்தக் கூட்டத்தைக் காப்பதற்கே தேவைப்படும் கணக்கெடுப்பு, அனுமதி பெற்று, தொலைவிலிருந்து கிளப்பி, முதல் பறவை எழும்பியதும் திருப்பிவிடும் ஒழுங்கோடு நடந்தால் ஏற்கலாம். அழகான காட்சிக்காகப் பறக்கவிடுபவருக்கு இந்த நியாயம் பொருந்தாது. கிடைப்பது அவருக்குப் படம், ஆபத்து முழுவதும் முட்டைக்கு.