எந்த வருஷத்து வண்டி?

டேங்கை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த பெயிண்டர் நிமிர்ந்து பார்த்து, "எந்த வருசத்து வண்டியாப் பண்ணோணுங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது நிறத்தைப் பற்றி மட்டும்தான். முழங்கால் உரசுகிற இடத்தில் பெயிண்ட் வளையம் வளையமாகத் தெரிந்தது. மேலே கரும்பச்சை, அக்கா கல்யாணத்துக்கு முன்னால் அப்பா அடித்தது. அதற்குக் கீழே மெரூன். யார் காலத்தது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதற்கும் கீழே கறுப்பு. கறுப்பின் மேல் பொன்னிறக் கோட்டின் துணுக்கு ஒன்று மிச்சமிருந்தது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் பிரஷ் பிடித்துக் கையாலேயே இழுத்த கோடு.

வண்டி 1978 மாடல் புல்லட் 350. அப்பா அதை 1984இல் பொள்ளாச்சியில் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். மின்வாரிய வேலை. ஆழியார், வால்பாறை என்று மலையேறி இறங்கிய வண்டி. அவர் போன பிறகு போர்டிகோவில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. அதைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்துப் போட்டு, கழுவி, மறுபடி பூட்டிக்கொண்டிருக்கிறேன். லேத் வேலையும் பெயிண்டும் வெளியே, மற்றதெல்லாம் வீட்டிலேயே.

பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்களுக்கு 'ஒரிஜினல்' மீது ஒரு பக்தி உண்டு. போல்ட் தலையில் இருக்கிற எழுத்து வரைக்கும் பார்ப்பார்கள். கம்பெனி கேட்டைத் தாண்டிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஆனால் இந்த வண்டி கேட்டைத் தாண்டிய அன்று அப்பா அதைப் பார்க்கவே இல்லை. முதல் ஆறு வருஷம் அது வேறு யாரோ ஒருவருடையது. 1978க்குத் திருப்பினால் முகம் தெரியாத ஒருவரின் வண்டியைப் பளபளவென்று செய்து வைத்து, அப்பா ஓட்டிய வருஷங்களைத் தேய்த்து அழித்தவனாவேன்.

இறந்தவர் படத்தை மாட்டும்போதும் இதே சிக்கல்தான். அப்பாவுக்கு அம்மா மாட்டியிருப்பது ரிட்டையர் ஆன வருஷம் எடுத்த படம், கண்ணாடியும் வழுக்கையுமாக. எனக்கு அப்பா என்றால் நாற்பது வயதுக்காரர். மீசை முழுக்கக் கறுப்பு. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி மாசத்து முகம்தான் நினைவில் நிற்கிறதாம். ஒரே மனிதரை ஒரே வீட்டில் ஆளுக்கொரு வருஷத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம். மாட்டுவதற்கு ஆணி என்னவோ ஒன்றுதான்.

அரசாங்கத்துக்கு இந்தக் குழப்பம் இல்லை. 2021இல் வந்த விதிப்படி, முதலில் பதிவான நாளிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருக்கிற இரு சக்கர, நான்கு சக்கர வண்டி 'விண்டேஜ்'. விஏ என்று எழுத்துப் போட்ட தனி நம்பர் கிடைக்கும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். என் வண்டிக்கு 2028இல் தகுதி வந்துவிடும். தெரிந்தவர் ஒருவர், "அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க, அப்படியே ஒரிஜினலா ரெடி பண்ணி வைங்க" என்று ஆலோசனை சொன்னார். விதியை மேலும் படித்துப் பார்த்தால், அந்த நம்பர் வாங்கிய வண்டியைத் தினசரிக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், விண்டேஜ் ராலிக்குப் போகலாம், பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் வெளியே எடுக்கலாம். காய்கறி வாங்கப் போகக் கூடாது. மரியாதை வரும், ஓட்டம் போய்விடும். வயதானவர்களை வீட்டில் நடு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எந்த முடிவிலும் சேர்த்துக்கொள்ளாமல் இருக்கிறோமே, அதே மாதிரி மரியாதை.

சரி, 1978 வேண்டாம், அப்பாவின் வண்டியாகவே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தபோதுதான் பிரேக் பெடல் வந்து குறுக்கே நின்றது.

அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஆழியாருக்கு மேலே ஒரு வளைவில் விழுந்ததில் அப்பாவுக்கு இடது கணுக்கால் உடைந்து, சேர்ந்த பிறகு முன்போல மடங்கவில்லை. பாதத்தின் முன்பகுதியை மட்டும் சாய்த்து மிதிக்க முடியாது. அதனால் பெடலின் மேல் ஒரு இரும்புப் பட்டையை வெல்டிங் வைத்து உயர்த்தி, பின்பக்கமாக நீட்டியிருந்தார், முழுப் பாதத்தையும் தூக்கி வைத்து அழுத்துகிற மாதிரி. பற்றவைத்தவர் அவசரக்காரர் போல. ஓரத்தில் உருகிய இரும்பு மூக்குச் சளி மாதிரி உறைந்திருக்கும். பட்டையின் ஒரு முனை மட்டும் செருப்புப் பட்டுப் பட்டு வழவழவென்று ஆகிவிட்டது. அந்த வழவழப்பைத் தொட்டுப் பார்த்தால் எனக்கு வேறெதுவும் தேவையில்லை என்று தோன்றும். பெயிண்ட், கோடு, நம்பர் எதிலும் அவர் இல்லை, இதில் இருக்கிறார்.

ஆனால் ஓட்டிப் பார்த்தால் ஆகவில்லை. என் கணுக்கால் மடங்குகிற கணுக்கால். காலை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்தாலே பட்டை அழுந்துகிறது. பிரேக் உரசி டிரம் சூடாகிவிடுகிறது. காலை விலக்கி வைத்து ஓட்டினால், அவசரத்துக்குத் தேட வேண்டியிருக்கிறது. மெக்கானிக் ஒரே வார்த்தையில், "கட் பண்ணிருங்க சார்" என்றார். எனக்கு மனசு வரவில்லை. இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அந்த மனுசனே அதைத் திட்டிட்டேதான் மிதிச்சிட்டிருந்தாரு. எறங்கறப்பெல்லாம் கெண்டைக்கால்ல இடிச்சு ரத்தம் வரும். நீ என்ன கண்ணு, அதைப் போயி எடுத்து வெக்கோணுங்கற?"

எனக்குச் சுருக்கென்றது. அவருடைய கஷ்டத்தை அவருடைய ரசனை என்று நினைத்து வைத்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் பெரியவர்களின் நினைவாக நாம் போற்றிக் காப்பாற்றுகிறவற்றில் பாதி இப்படித்தான். தாத்தா ஒரு வேளைதான் சாப்பிடுவார் என்று பெருமையாகச் சொல்கிறோம். மற்ற வேளைக்கு இருந்ததா என்று கேட்பதில்லை. உடம்பு முடியாமல், பணம் இல்லாமல், வேறு வழியில்லாமல் செய்துகொண்ட ஏற்பாடுகள் அடுத்த தலைமுறைக்கு வரும்போது அவர்களுடைய குணமாக மாறிவிடுகின்றன. அவர்கள் எழுந்து வந்தால் முதலில் அதைத்தான் கழற்றி எறிவார்கள்.

பெடலை மாற்றிவிட்டேன். பழையதை எடைக்குப் போடவில்லை. அந்த அளவுக்கு ஞானம் இன்னும் வரவில்லை.

எஞ்சினைத் திறந்தபோது 'ஒரிஜினல்' பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் படிந்திருந்த கரியைச் சுரண்டினால் 040 என்று முத்திரை. அதாவது 70 மில்லிமீட்டர் போர், தேயத் தேயக் கடைந்து, அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு அகன்றிருக்கிறது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். இந்த இரும்பு எத்தனை மலை ஏறியது என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டாம். இப்போது அதுவும் தேய்ந்துவிட்டது. கணபதியில் லேத் வைத்திருப்பவர் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, "ஸ்லீவ் அடிச்சு ஸ்டாண்டர்ட் சைசுக்கே கொண்டாந்துரலாங்க" என்றார். வெளியே பழைய வார்ப்பிரும்பு, உள்ளே இந்த வருஷத்து இரும்பு, அளவு மட்டும் 1978. இதை எந்த வருஷத்து எஞ்சின் என்று சொல்வது?

புல்லட்டின் சொந்தக் கதையும் அப்படித்தான். இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரில் பிறந்த வண்டி. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து சென்னையில் கம்பெனி தொடங்கி, முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டி, பிறகு எல்லாவற்றையும் இங்கேயே வார்த்துக் கடைந்து செய்தார்கள். இங்கிலாந்து கம்பெனி 1970 வாக்கில் கடையை மூடியது. திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. 1977இல் அந்தப் புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். ரெட்டிச் வண்டியைப் பூஜை அறையில் வைத்ததால் அது பிழைக்கவில்லை. வாங்குகிறவனுக்கு என்ன வேண்டுமோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே செய்துகொண்டிருந்தார்கள், பிழைத்தது.

இதைச் சொன்னதும், 'அப்படியானால் இஷ்டம்போல வெட்டலாமா' என்று கேட்கக் கூடாது. பின் மட்கார்டை அறுத்து, ஃபிரேமின் வாலை நறுக்கி, ஒற்றை சீட் போட்டு, சைலன்சரைக் காலி டப்பாவாக்கி நிறுத்துகிற வேலையில் எனக்கு உடன்பாடு இல்லை. சட்டமும் அதற்கு எதிர். கம்பெனி கொடுத்த கட்டமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்கள், மழையில் போனால் முதுகெல்லாம் சேறு. அந்த மாற்றங்கள் ஓட்டுகிறவனின் முதுகும் முழங்காலும் கேட்டவை அல்ல. எதிரே நின்று பார்ப்பவனுக்காகச் செய்தவை. அப்பாவின் பெடல் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் ஒரு காலுக்காகச் செய்தது. அதை நான் கழற்றியதும் ஒரு காலுக்காகத்தான்.

அந்த அளவுகோலை வைத்துக்கொண்டதும் மற்ற முடிவுகள் சீக்கிரம் முடிந்தன. ஆறு வோல்ட் ஹெட்லைட் சிம்னி விளக்கு. பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றியாயிற்று. முன் சக்கரத்தின் சின்ன டிரம்மைக் கழற்றிவிட்டுப் பிந்தைய மாடலின் 7 அங்குல டிரம் போட்டிருக்கிறேன், இன்றைய போக்குவரத்தில் நிற்பதுதான் முக்கியம். பாயிண்ட் செட்டை மட்டும் எலக்ட்ரானிக் ஆக்கவில்லை. நடுக்காட்டில் நின்றால் எமரி துண்டை வைத்துத் தேய்த்து, இடைவெளியை ஏறத்தாழ வைத்துக் கிளப்பிவிடலாம். எலக்ட்ரானிக் டப்பா போனால் வேன் பிடிக்க வேண்டும். தவிர, டிகம்ப்ரசரை இழுத்து, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அமுக்கி, பிறகு ஒரே உதை விடுவதில் உள்ள சுகத்தை விட எனக்கு மனமில்லை. இதற்குக் காரணம் கேட்டால் பதில் கிடையாது. இடப்பக்கத் தகரப் பெட்டியும் இருக்கிறது. அதில் பிளக், கிளட்ச் கேபிளோடு ஒரு துண்டு சலவை சோப்பும் எப்போதும் கிடக்கும். டேங்க் கசிந்தால் தேய்த்து அடைக்க.

பெயிண்டரின் கேள்விக்கு ஆர்.சி. புத்தகம் பதில் சொல்லிவிட்டது. அதில் கறுப்பு என்றுதான் இருக்கிறது. கரும்பச்சையை அப்பா யாரிடமும் சொல்லிப் பதியவில்லை. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்தைந்து வருஷமாகப் பதிவை நீட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே நிறம் பொருந்தியாக வேண்டும். கறுப்பு அடித்தாயிற்று. பொன் கோட்டைக் கோவையிலேயே போர்டு எழுதுகிற ஒருவர் இழுத்துக் கொடுத்தார். திருவொற்றியூர்க் கோட்டைவிடச் சற்றுத் தடிமன்.

போன வாரம் வால்பாறை ஏறினேன். எஞ்சின் நன்றாக இருக்கிறது. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியர் திணறுகிறது, முதலில் போட்டால் கத்துகிறது. முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் ஏற்றம் இழுக்கும், சமவெளியில் வேகம் கொஞ்சம் குறையும் என்கிறார் மெக்கானிக். சமவெளியில் எனக்கு அப்படி ஒன்றும் அவசரமில்லை. குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.